தங்கள் பாதுகாப்பைக் கருதி

அலுவலகத்தில் அவருக்குக் கோட்டையார் என்று பெயர். யாரும் பாராட்டி வைத்த பெயர் இல்லை. அவரே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம சர்வர் ரூம் ஒரு கோட்டை சார். எதிரி அகழியைத் தாண்டுறதுக்குள்ள நாம பாலத்தைத் தூக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே, தரையைச் சுத்தம் செய்ய வந்தவர் தன் மெஷினைச் செருக இடம் தேடி ஒரு பிளக்கைப் பிடுங்கியதில் கோட்டை விழுந்தது. பெயர் மட்டும் விழாமல் நின்றுவிட்டது.

அவர் வேலை பார்த்தது இணையதளங்களுக்கு இடம் கொடுக்கும் கம்பெனி. பேக்கரிக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், பல் டாக்டர், பழைய சைக்கிள் விற்கிறவர் என்று பலபேருடைய தளங்கள் அந்தக் கம்பெனியின் சர்வர்களில் குடியிருந்தன. ஒரே கட்டடத்தில் பல குடித்தனம் மாதிரி, ஒரே சர்வரில் பல தளங்கள்.

இந்தத் தொழிலில் தாக்குதல் என்றால் யாரும் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. உலகத்தில் எங்கெங்கோ பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட கண்காணிப்பு கேமராக்கள், வீட்டு வைஃபை பெட்டிகள் எல்லாவற்றையும் எவனோ ஒருவன் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, அத்தனையையும் ஒரு தளத்தின் மேல் ஏவிவிடுவான். ஒரு கடையின் போனுக்கு ஊரே சேர்ந்து ராங் கால் போட்டால் எப்படியோ அப்படி. கடையில் திருட்டுப் போகாது, ஒரு பொருள் உடையாது. ஆனால் நிஜமாகவே சாமான் வாங்க வேண்டியவருக்கு லைன் கிடைக்காது.

இந்தத் தொல்லையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காப்பாற்றுவதுதான் கோட்டையாரின் வேலை. காப்பாற்ற இரண்டு வழி. முதலாவது வடிகட்டி. வருகிற கூட்டத்தைச் சுற்றுவழியில் திருப்பி, மனிதர் யார், எந்திரம் எது என்று பிரித்து, மனிதர்களை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் ஆள் கூடவே உட்கார்ந்து கவனிக்க வேண்டும், செலவும் பிடிக்கும். அதனால் அது பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். இரண்டாவது வழி ஒரு பொத்தான். சின்ன வாடிக்கையாளர் ஒருவரை வெள்ளம் அடித்தால், கூடக் குடியிருக்கும் மற்றவர்களும் சேர்ந்து முழுகிவிடாமல் இருக்க, அடிபடுகிறவரைத் தூக்கி வெளியே போட்டுவிடுவது. அவர் முகவரிக்கு வருவதெல்லாம் எங்கும் போய்ச் சேராமல் காற்றோடு போகும். கருந்துளையில் போடுவது என்று தொழிலில் சொல்வார்கள். கோட்டையார் அதைத்தான் பாலத்தைத் தூக்குவது என்பார். பாலம் தூக்கப்படும்போது அந்த ஒருவர் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்த வாரக் கடைசியில் புதிய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்த இருந்தார்கள். 'நாங்கள் உங்களை எப்படிப் பாதுகாக்கிறோம்' என்பது கோட்டையார் பேச வேண்டிய தலைப்பு. ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்லைடில் ஒரு கேடயத்தின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். கேடயம் மட்டும் போதுமா, கத்தியும் வேண்டுமா என்று தீவிரமான யோசனை. அப்போது சுவரில் இருந்த பெரிய திரை சிவந்தது.

"என்ன கோட்டை?" என்று மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அட்டாக் சார். சின்ன பிளான் கஸ்டமர்தான்."

திரையில் அடிபடுகிற தளத்தின் எண் பெரிதாக மின்னியது. பக்கத்திலேயே தளத்தின் பெயரும் பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க வேண்டுமானால் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். கண்ணாடியைத் தேட டப்பாவைக் கீழே வைக்க வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு விரல் போதும்.

அழுத்தினார். சிவப்பு மறைந்து பச்சை வந்தது.

"பார்த்தீங்களா, அசால்ட்டா முடிச்சுட்டீங்க" என்று மேனேஜர் தோளில் தட்டினார். கோட்டையார் ஒரு சின்ன விஷயத்துக்குப் போய் ஏன் சார் என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார் என்பது வேறு விஷயம். பிறகு ஸ்லைடில் கத்தியையும் சேர்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி கூடத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டட இன்ஜினியர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், சுவரில் ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. போன இடத்திலெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள் "குடி வரும்போது ஒருத்தரும் சொல்லலையே" என்று ஒரே பாட்டைப் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, 'வீடு பார்த்தாச்சா' என்று ஒரு தளம் தொடங்கியிருந்தாள். ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் அதைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதலாம். குளியலறைச் சுவர் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது, லிஃப்ட் பாதியில் நிற்கிறது, மாடியில் இருப்பவர் விடியும் முன்னே நாற்காலியை இழுப்பார், இப்படி. புதிதாக வீடு தேடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை அதைப் படித்துவிட்டுப் போவார்கள்.

"ஒரு மெயில் வந்திருக்கு. படிக்கிறேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

கோட்டையார் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டே "ம்" என்றார்.

"'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு. தங்கள் பாதுகாப்பைக் கருதி, தங்கள் தளத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துள்ளோம். தாங்கள் காட்டவிருக்கும் பொறுமைக்கு எங்கள் முன்கூட்டிய நன்றி.'"

எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. நல்ல எழுத்து என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க. மரியாதையா இருக்கு. யாரு அனுப்பினது?"

"உங்க கம்பெனி."

லேசில் கை அப்படியே நின்றது. அவரே எழுதிய வாசகம்தான். பலமுறை அடித்துத் திருத்தி, 'பொறுமைக்கு நன்றி' என்பதில் ஒரு கம்பீரம் போதவில்லை என்று 'முன்கூட்டிய'வைச் சேர்த்தது அவர். பொத்தானை அழுத்தினால் அது தானாகவே போய்விடும்.

"உன் சைட்டா அது?" என்றார்.

"என் சைட்டான்னு என்னைக் கேட்கிறீங்க. அழுத்தினவங்களுக்குத் தெரியாதா யாரோடதுன்னு?"

தெரிந்திருக்க வேண்டும்தான். மனைவியின் போன் நம்பரையே பார்க்காமல் சொல்லத் தெரியாதவருக்கு அவள் தளத்தின் எண் எப்படி நினைவிருக்கும்? இந்தச் சமாதானம் நாக்கின் நுனி வரை வந்தது. வெளியே விட்டால் இன்னொரு வழக்கு தொடங்கும் என்று விழுங்கிவிட்டார்.

மனைவி கோபமாகப் பேசவில்லை. நிதானமாகப் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது. "போன வாரம் ஒரு கம்பெனி எனக்கு எழுதினாங்க. நிறைய அடுக்குமாடி வெச்சு வாடகைக்கு விடுறவங்க. அவங்க கட்டடத்தைப் பத்தி வந்த பக்கத்தை எல்லாம் எடுத்துடுங்கன்னு. எழுதியிருக்கிறதுல பொய் எதுன்னு காட்டுங்க, எடுத்துடறேன்னு பதில் போட்டேன். அதோட சத்தமே இல்லை. இன்னைக்கு வெள்ளம் வந்திருக்கு. அவங்கதான்னு நான் சொல்லலை, என்கிட்ட ஆதாரம் இல்லை. ஆனா யாரோ ஒருத்தருக்கு என் வாயை மூடணும்னு இருந்திருக்கு. மூடினது யாரு?"

"டெக்னிக்கலா பார்த்தா..." என்று ஆரம்பித்தார்.

"டெக்னிக்கலா பார்த்தா நீங்கதாங்க."

அதற்கு மேல் டெக்னிக்கலாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஒரு பொண்ணு, கைக்குழந்தை வெச்சிருக்கா. அந்தக் கட்டடத்துல வீடு பேசி முடிச்சிருக்கா. சனிக்கிழமை கையெழுத்து. அதுக்குள்ள படிச்சுப் பார்க்கணும்னு எனக்கு எழுதியிருந்தா. போய்ப் பாருன்னு சொல்லியிருக்கேன். பார்த்தா இப்ப பக்கமே இல்லை. பேசி வெச்ச வீட்டுல குறையே இல்லைன்னு நினைச்சுப்பா."

"காலையில மொத வேலையா எடுத்து விடறேன்" என்றார் கோட்டையார்.

சொன்னபடியே மறுநாள் அலுவலகத்தில் நுழைந்ததும் எடுத்துவிட்டார். வெள்ளம் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. பாலம் இறங்கியதும் மொத்தமாக ஏறியது. சற்று நேரத்தில் பேக்கரிக்காரரின் தளம் திணறியது, பல் டாக்டரின் தளத்தில் நோயாளிகள் நேரம் கேட்க முடியவில்லை. போனில் வாடிக்கையாளர்களோடு பேசும் பெண் இரண்டு காதிலும் ரிசீவரை வைத்துக்கொண்டு, "கோட்டை சார், ஏதாவது பண்ணுங்க சார்" என்று சைகை காட்டினாள்.

கோட்டையார் திரையைப் பார்த்தார். இப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பொடி எழுத்து தெளிவாகத் தெரிந்தது: வீடு பார்த்தாச்சா. நேற்று தெரியாமல் அழுத்தினேன் என்று ஒரு சாக்காவது இருந்தது. இன்று அதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். வீரர்கள் எல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் என்னவோ செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவர் அழுத்தினார்.

நேராக மேனேஜரிடம் போய், அந்த ஒரு தளத்தை வடிகட்டிக்குப் பின்னால் வைக்கலாமா என்று கேட்டார்.

"சின்ன பிளானுக்கு வடிகட்டியா? ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேட்பாங்களே."

"கேட்டா கொடுக்கலாமே சார்" என்று சொல்ல நினைத்தார். வாயிலிருந்து வந்தது "அதுவும் சரிதான் சார்."

இருக்கைக்குத் திரும்பும்போது, போன் பேசும் பெண் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். வாடிக்கையாளர் ஏதோ நுணுக்கமாகக் கேட்கிறார், நீங்களே பதில் சொல்லிவிடுங்கள் என்று அவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் வந்தது அவர் மனைவியின் குரல்.

"உங்க விளம்பரத்துல 'கோட்டை போன்ற பாதுகாப்பு'ன்னு போட்டிருக்கீங்க. அந்தக் கோட்டைக்கு உள்ள இருக்கேனா, வெளியில இருக்கேனா? அதை மட்டும் சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த விளம்பர வாசகமும் அவர் கைங்கர்யம்தான்.

"மேடம்..." என்றார் கோட்டையார்.

குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. "சொல்லுங்க சார்" என்றாள்.

"மேடம், இப்போதைக்கு... நீங்க வெளியில இருக்கீங்க."

"நன்றி. இதை யாராவது நேரா சொல்வாங்களான்னுதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாரு சார் அந்தம்மா? நம்ம மென்னியைப் பிடிக்கிறாங்க" என்றாள் போன் பேசும் பெண்.

"என் வொய்ஃப்."

இந்தச் செய்தி கண்ணாடி அறைக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. மேனேஜர் தானே எழுந்து வந்தார். "உங்க வீட்டம்மா சைட்டுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? போடுங்க, போடுங்க, வடிகட்டியில போடுங்க. வெளியில சொல்லாதீங்க, அவ்வளவுதான்" என்றார். கோட்டையாருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சியாக இருப்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்.

ஒரு தவறு செய்தவர் அடுத்த தடவை எதிர்ப்பக்கமாக ஒரு தவறு செய்வது உண்டு. அவரும் செய்தார். இனி ஒரு ஈ எறும்புகூட உள்ளே போகக் கூடாது என்று வடிகட்டியின் எல்லாத் திருகையும் கடைசி வரை முறுக்கினார். யார் வந்தாலும் சந்தேகம். வந்தவர் தான் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒன்பது கட்டம் போட்ட படத்தில் பஸ் எங்கெல்லாம் இருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு படிக்கட்டு. பிறகு மறுபடியும் பஸ். வெள்ளம் சுவரில் மோதித் திரும்பிப் போனது. திரை பச்சையாகவே இருந்தது. மனைவிக்குப் போன் செய்து, "வந்து பாரு, உன் சைட் இப்ப எப்படி நிக்குதுன்னு" என்றார்.

அவள் பார்ப்பதற்குள் மாமனார் கூப்பிட்டார். மாமனார் ஓய்வு பெற்ற கண் டாக்டர். மகளுடைய தளத்தை ஒரு நாள் விடாமல் படிப்பவர்.

"மாப்பிள்ளை, நான் மனுஷன்தான்னு உங்க கம்பெனிக்கு எப்படி நிரூபிக்கிறது?"

"படத்துல பஸ்ஸைத் தொடுங்க மாமா."

"தொட்டேன். படிக்கட்டு கேட்டுது, அதையும் தொட்டேன். மறுபடி பஸ் கேட்குது. ஒரு கட்டத்துல பஸ்ஸோட கண்ணாடி மட்டும் துளியூண்டு தெரியுது. அது பஸ் கணக்குல சேருமா, சேராதா?"

கோட்டையார் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை. "சேராதுன்னு நினைக்கிறேன் மாமா."

"தொடாம விட்டேன். நீ மனுஷன் இல்லைன்னு சொல்லிடுச்சு. இத்தனை வருஷம் ஊருக்கே கண் பரிசோதனை பண்ணியிருக்கேன் மாப்பிள்ளை. என்னை ஒரு கம்ப்யூட்டர் ஃபெயில் ஆக்கிடுச்சு."

சாயங்காலம் மனைவி அதையே வேறு விதமாகச் சொன்னாள். "சைட் ஜம்முனு நிக்குதுங்க. உள்ளேதான் யாரும் வர முடியலை. கட்டடம் புதுசு, குடியேற ஆள் இல்லைங்கற மாதிரி இருக்கு."

அவர் எண்ணிக்கையைப் பார்த்தார். அன்று முழுக்க அந்தத் தளத்துக்குள் வந்தவர் ஒரே ஒருவர். அது அவர்தான், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தது.

மறுநாள் சனியன் பிடித்த அந்தத் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர் என்கிற முறையில் வந்திருப்பதாக வாசலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வருவது என்ன என்று உட்கார்ந்து பார்த்தால், அந்த வெள்ளம் அப்படி ஒன்றும் பெரிய மூளைக்காரன் வேலை இல்லை. வருகிற அத்தனை எந்திரமும் ஒரே காரியத்தைத்தான் செய்தது. தேடல் பெட்டியில் அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டுத் தேடு, தேடு என்று சர்வரை விரட்டியது. மனிதர்கள் தெருப்பெயரைப் போட்டுத் தேடுவார்கள். 'க்ஷ்ட்ப்ழ்' என்ற தெருவில் யாரும் வீடு தேடுவதில்லை. அர்த்தமில்லாத தேடலை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒரே இடத்திலிருந்து மூச்சு விடாமல் கேட்பவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். பக்கங்களை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தயாரிக்காமல், தயாராக எடுத்து வைத்த பிரதியையே கொடுக்கச் செய்தார். பஸ்ஸையும் படிக்கட்டையும் எடுத்துவிட்டார். மத்தியானத்துக்குள் மனிதர்கள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளம் வெளியே தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இதெல்லாம் இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லை. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்ப செவ்வாய்க்கிழமையே பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணலை?"

பொய் சொல்ல நல்ல நல்ல வார்த்தைகள் அவரிடம் இருந்தன. விளம்பரம் எழுதிய கை. ஆனால் அலுப்பாக இருந்தது. "பொத்தான் பக்கத்துல இருந்துச்சு" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மத்த சின்ன கஸ்டமர் யாருக்காவது நாளைக்கு இப்படி வந்தா?" என்றாள்.

"பொத்தான்தான்."

"அவங்க யாருக்கும் இங்க புருஷன் வேலை பார்க்கலையே" என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். நீள மேசை, குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள், புதிய வாடிக்கையாளர்கள். மேனேஜர் புது டை கட்டியிருந்தார். கோட்டையார் கேடயமும் கத்தியும் வைத்த ஸ்லைடைப் போட்டுவிட்டு மனப்பாடமாகப் பேசினார். வெள்ளம், எந்திரங்கள், ராங் கால் உதாரணம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மூன்று நாள் தூக்கக்கலக்கம் வேறு. பேச்சு ஒரு பக்கம் ஓட, மனம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா. பழைய புத்தகங்கள் விற்கிறவர். கையை உயர்த்தினார்.

"எல்லாம் சரி. என் கடை சின்னது. என்னை ஒருத்தன் தாக்கினா, நீங்க சரியா என்ன பண்ணுவீங்க?"

"உங்களைத் தூக்கி வெளியில போட்டுடுவோம்மா" என்றார் கோட்டையார்.

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. மேனேஜருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. புத்தகக்கார அம்மா, "என்ன?" என்றார்.

பின்னாளில் அலுவலகத்தில் இதைக் கோட்டையாரின் துணிச்சல் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் மறுத்ததில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. ஆனால் துணிச்சலாவது மண்ணாவது. நாக்கு வழுக்கிவிட்டது, வழுக்கின நாக்கை எப்படித் திரும்ப நிமிர்த்துவது என்று தெரியாமல் அதே திசையில் போய்க்கொண்டே இருந்தார்.

"மத்தவங்களைக் காப்பாத்தறதுக்காக உங்களை நிறுத்திடுவோம். தாக்கினவன் என்ன நினைச்சானோ அதை நாங்களே முடிச்சுக் கொடுத்துடுவோம். உங்களுக்கு ஒரு மெயில் வரும். மரியாதையா இருக்கும். நான் எழுதினது. பெரிய கஸ்டமருக்கு வடிகட்டி இருக்கு. அதை உங்களுக்கும் போடலாம். முடியாத காரியம் இல்லை. நேத்து ஒரு சின்ன சைட்டுக்குப் போட்டேன், நிக்குது."

மேசையைச் சுற்றி முணுமுணுப்பு எழுந்தது. துணிக்கடைக்காரர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேனேஜர் சட்டென்று எழுந்து நின்றார். டையைச் சரிசெய்துகொண்டு, பளீரென்று சிரித்தார்.

"அவர் சொல்றது பழைய முறைங்க. அதைத்தான் மாத்தறோம். இனிமே சின்னவங்க பெரியவங்க வித்தியாசம் கிடையாது, எல்லாருக்கும் வடிகட்டி. அதை அறிவிக்கறதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டதே. என்ன கோட்டை?"

"ஆமா சார்" என்றார் கோட்டையார். வாழ்நாளில் எத்தனையோ தடவை சொன்ன 'ஆமா சார்'களில் அது ஒன்றுதான் உருப்படியானது.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. கை போன போக்கு மட்டும் தெரிந்தது. "வாயை விட்டுட்டேன், இனி செஞ்சாகணும். ஆள் தர மாட்டேன். நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு சைட்டா ஏத்துங்க. நீங்க இழுத்துவிட்ட வேலை இது" என்பதுதான் மேனேஜரின் கடைசிப் பேச்சு.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கண் கொஞ்சம் விரிந்தது. முழுக்கக் கேட்டுக்கொண்டாள். இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். வேறொரு கம்பெனியில் இடம் வாங்கியிருந்தாள்.

"அதான் எல்லாருக்கும் போடறோம்னு மேனேஜரே சொல்லிட்டாரே!"

"சொல்லியிருக்கார். வாய்வார்த்தையை நம்பி வீடு எடுக்காதீங்கன்னு என் சைட்ல முதல் பக்கத்துலயே போட்டிருக்கேன். நானே எடுத்தா நல்லா இருக்குமா? இங்க சின்ன பிளானுக்கும் வடிகட்டி இருக்கு. கேட்டுப் பார்த்துட்டேன். அடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், தெளிவா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"தூக்கி வெளியில போட மாட்டோம்னு சொன்னாங்க."

தளத்தை மாற்றுவதற்கு எல்லா வேலையும் கோட்டையாரே செய்து கொடுத்தார். புதுக் கம்பெனியின் அரட்டைப் பெட்டியில் யாரோ, 'பழைய நிறுவனத்தை விட்டு விலகக் காரணம் என்ன?' என்று கேட்டார்கள். மனைவி சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். ஒரு இடத்தில், "அங்க இருக்கிற இன்ஜினியர் நல்ல மனுஷன்தான்னு போடுங்க" என்றாள். அதை மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போட்டார்.

சனிக்கிழமை அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் எழுதியிருந்தாள். குளியலறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று பக்கத்தில் படித்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன் குளியலறையில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியை நகர்த்திக் காட்டச் சொன்னாளாம். வீட்டைக் காட்ட வந்தவர் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்றாராம். கண்ணாடிக்கு ஏது சாவி என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள். இப்போது வேறு வீடு தேடுகிறாள். வெள்ளம் அடுத்த வாரத்தில் மெல்ல வடிந்தது. ஏவினது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

கோட்டையார் தினமும் ஒவ்வொரு தளமாக வடிகட்டிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். பேக்கரியை ஏற்றிய அன்று கேக் படங்கள் எல்லாம் காணாமல் போயின. டிரைவிங் ஸ்கூலை ஏற்றிய அன்று அதன் முதலாளியையே எந்திரம் என்று வடிகட்டி தள்ளிவிட்டது. திட்டு வாங்கி, சரிசெய்து, அடுத்ததற்குப் போனார். வேலை ஆமையாக நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. விலகிப்போன வாடிக்கையாளரை இன்ஜினியர் ஒரு தடவை போனில் கூப்பிட்டு, திரும்ப வர முடியுமா என்று கேட்க வேண்டும். 'வீடு பார்த்தாச்சா' பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் காலியாக இருப்பதை மேனேஜர் சுட்டிக்காட்டினார். "வீட்டம்மாவா இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்" என்றார். அந்த ஆளுக்கும் நகைச்சுவை வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

கோட்டையார் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஏதோ சுத்தியல் சத்தம். மனைவி எங்கேயோ ஒரு சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், எங்க கம்பெனியை விட்டுப் போயிட்டீங்க. திரும்ப வர யோசனை இருக்கான்னு கேட்கத்தான்."

"சின்ன சைட் எல்லாத்தையும் ஏத்தியாச்சா சார்?"

"பாதி ஏத்தியாச்சு மேடம்."

"மீதி?"

"ஏத்திக்கிட்டிருக்கேன். கூட ஆள் யாரும் இல்லை. நான் ஒருத்தன்தான்."

சுத்தியல் சத்தம் நின்றது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை."

"சாப்பிட்டுட்டு ஏத்துங்க. மீதியையும் முடிச்சுட்டு ஒரு தடவை கூப்பிடுங்க சார், யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பினாள்.

கோட்டையார் அந்தக் கட்டத்தில் 'யோசிக்கிறார்' என்று போட்டார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து பல் டாக்டரின் தளத்தை எடுத்தார்.